லோகு கூப்பிட்ட கீதா

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கறான் மேடம்.”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வாக்கியம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். தி.நகரிலிருந்து காரில் வருகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள், பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பிஸ்கெட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறது. பெயரைச் சொன்னால் மட்டும் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சொல்லும்போது பெற்றவர்களின் குரல் எந்த இடத்தில் உடையும் என்றுகூட எனக்குத் தெரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் கேட்டேன், ஆனாலும் அது எனக்குப் பழகவே இல்லை.

எனக்கு விடைகொடுத்த அன்று, “புதுசா வர்றவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க மேடம்” என்றீர்கள். அறிவுரைக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அடையாறு சிக்னலில் ஆட்டோ நிற்கிற நேரத்துக்குள் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஓட்டுநரே எல்லாம் சொல்லிவிடுவார். அதனால் ஒரு பையன் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாலு கேட்டால் ஒன்று தருகிறாளே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கஞ்சம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அப்போது நம் மையம் மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. இன்றைக்கு உங்களுக்கு ஏசி, தரையில் மெத்தை, சுவருக்குச் சுவர் கேமரா. எங்களுக்கு ஒரு ஜமுக்காளம், ஒரு மின்விசிறி, ஒரு கைப்பேசி. கீழே தையல் கடை. மெஷின்கள் ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வந்ததும் வராததுமாகத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வார்கள். “வந்ததும் தூங்கறானே!” என்று புது அப்பாக்கள் பதறுவார்கள். தூக்கமாவது ஒன்றாவது, அவன் கச்சேரி கேட்கிறான் சார் என்போம். சில மத்தியானங்களில் வேலை முடிந்ததும் நானும் அப்படிப் படுத்துக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கும்.

அந்த மையத்தைத் தொடங்கியவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். பெயரை எழுதினால் கோபித்துக்கொண்டிருப்பார், விட்டுவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பழகக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் பெற்றவர்கள்தான் என்பது அவர் கட்சி. வாரத்துக்கு ஒருமுறை நம்மிடம் வருகிற பிள்ளை மற்ற நேரமெல்லாம் யாரிடம் இருக்கிறது? அதனால் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவார்கள். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து அதைப் படம் பிடிப்போம். பிறகு அவர்களோடு சேர்ந்து அதைப் பார்ப்போம். இங்கே பிள்ளை எதைப் பார்த்தது, அங்கே நீ பேசாமல் இருந்திருந்தால் அவனே ஏதாவது செய்திருப்பானோ என்று பேசுவோம். வீட்டில் விளையாடுவதையும் படம் பிடித்து அனுப்பச் சொல்வோம். நீங்கள் இப்போது செய்வதும் அதுதான், வார்த்தைகள்தான் பெரிதாகிவிட்டன.

கேட்க எளிது. ஆனால் நம்மவர்களுக்குக் குழந்தையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. இது என்ன, அது என்ன கலர், மாடு எப்படிக் கத்தும், மாமாவுக்கு டாட்டா சொல்லு. கேள்வி கேட்பதுதான் நமக்குக் கொஞ்சல். அதற்குப் பெரிய மேடம் ஒரு வழி வைத்திருந்தார். ஜமுக்காளத்தில் உட்காரப் போகிறவர்களின் வாயில் ஒரு கல்கண்டைப் போட்டுவிடுவார்.

“இது கரையற வரைக்கும் பேச்சு கூடாது. கடிச்சா செல்லாது.”

பெரிய கம்பெனியில் ஊரையே அதட்டுகிற அப்பாக்கள் எல்லாம் கன்னத்தில் கல்கண்டை அடக்கிக்கொண்டு, பிள்ளை லாரியின் சக்கரத்தைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. படம் பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கினால் போதும், எல்லோருடைய தமிழும் மாறிவிடும். எங்காத்துப் பேச்சு பேசுகிற மயிலாப்பூர் மாமி, “ஜலம் குடிச்சுண்டு வாடா” என்று படியேறி வந்தவள், ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் “தண்ணீர் அருந்து கண்ணா” என்பாள். அவர்கள் டிவியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போமே தவிர, வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. நல்ல தமிழ் பேசினால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் செல்வி வந்தாள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்துக் குடியிருப்பு. காலையில் நந்தனத்தில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பையனை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். புருஷன் ஏழுமலை மீன்பாடி வண்டியில் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். பையன் லோகேஷுக்கு நாலு வயது. லோகு என்பார்கள். பேச்சு இல்லை.

“கூப்டா திரும்ப மாட்டேன்றான் மேடம். நான் போடற சத்தத்துல தெருவே திரும்பிப் பாக்குது, இவன் மட்டும் திரும்பல” என்றாள் முதல் நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, “ஒரு தபா அம்மான்னு கூப்ட்டான்னா போதும். அப்பால அவன் பேசலன்னாகூட பரவால்ல” என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

ஜமுக்காளத்தில் செல்வியின் தமிழும் மாறியது. எல்லோரையும்விட அதிகமாக மாறியது. “லோகேஷ், இங்கே பார், இது என்ன?” என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேட்பாள். கேட்ட மாத்திரத்தில் லோகு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவான். அவள் கல்கண்டைக் கரைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தாலும், வாயைத் திறந்ததும் அதே கதைதான். சரி, எப்படி என்று நான் செய்து காட்டுகிறேன் பார் என்று சில நாள் நானே அவனோடு உட்கார்ந்தேன். என்னிடம் மூடி போட்ட ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே சோப்புக் குமிழி ஊதுகிற பாட்டில். டப்பாவை நடுவில் வைத்துவிட்டு, கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு நான் சும்மா இருப்பேன். அவன் சுற்றுவான், வருவான், போவான்.

ஒருநாள் வந்து எதிரில் குந்தினான். மூடிமேல் விரலை வைத்தான். ஏற்ற இறக்கம் இல்லாமல், பஸ் நிறுத்தத்தின் பெயரைப் படிக்கிற மாதிரி சொன்னான்.

“கீதா.”

நான் கல்கண்டைக் கடித்துவிட்டேன். “ஆமாண்டா கண்ணா! கீதா! நான்தான் கீதா!” என்று கத்திக் கை தட்டி, குமிழியை ஊதித் தள்ளினேன். அடுத்த அறையிலிருந்து பெரிய மேடம் ஓடி வந்தார். என்ன ஆச்சோ ஏதாச்சோ என்று கீழே தையல் மெஷின்கள் நின்றுபோயின. என்னைப் பெயர் சொல்லி அழைப்பார் யாரும் அப்போது எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே எல்லோருக்கும் நான் மேடம், ஆத்தில் கல்யாணமான நாள் முதல் ‘அடியே’. ஒரு பிள்ளை பேசிய முதல் வார்த்தை என் பெயர்! அன்று மாலை மாடவீதி வழியாக வீட்டுக்கு நடந்தபோது, எதிரில் வந்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. செல்வியின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்த்தால்தானே?

அதற்குப் பிறகு வந்த நாட்களிலெல்லாம் லோகு அதைச் சொன்னான். மூடிமேல் விரல், “கீதா.” நான் கை தட்டுவேன், குமிழி ஊதுவேன். செல்வி மட்டும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, சுவரோடு போய் உட்கார ஆரம்பித்தாள். கூப்பிட்டால், “நீங்களே வெச்சி வெள்ளாடுங்க மேடம், உங்க கைலதான் அவனுக்கு வர்து” என்றாள். வீட்டிலிருந்து படம் அனுப்புவது நின்றுபோனது. அவள் விளையாடாமல் நின்றுவிட்டால் எங்கள் வைத்தியத்தில் ஒன்றுமே இல்லை. மாடியில் நான் ஊதுகிற குமிழி சிந்தாதிரிப்பேட்டை வரை போகுமா?

இதற்கு நடுவில், மையத்துக்கு உதவி செய்கிற சிலர் நாங்கள் வேலை செய்வதை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். “லோகுவை உட்கார வைப்போம். உன் பேரைச் சொல்றதைக் காட்டினாலே போதும், அவங்களுக்குப் புரிஞ்சுடும்” என்றார் பெரிய மேடம். எனக்கும் கசக்கவில்லை. நல்ல புடவையாகவே கட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குச் செல்வி சீக்கிரமே வந்துவிட்டாள். நான் அடுப்பங்கரையில் வரப்போகிறவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், பெரிய மேடம் கேட்டாங்களேன்னு இன்னிக்கி இட்டாந்தேன். இனிமே வர்ல.”

“ஏன்ம்மா? நல்லா வந்துண்டிருக்கான், இப்போ போய்...”

“அவன் நல்லாத்தான் வர்ரான். நான் இன்னாத்துக்கு மேடம் நடுவுல? பெத்தவ நானு, ராவும் பகலும் கூடவே கீறேன், என்ன அம்மான்னு கூப்டல. வாரத்துக்கு ஒரு தபா பாக்கற உங்க பேரு வாயில வர்து. வூட்லயும் உங்க பேரத்தான் சொல்லிக்கினு கீறான். சோறாக்க வுடாம சட்டி முன்னாடி குந்திகினு கீதா, கீதான்றான். பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க, இந்தாங்க, புடிச்சி வெச்சிகீறேன், பாருங்க.”

மாதக்கணக்காகப் பேசியதை எல்லாம் சேர்த்தால்கூட அவள் என்னிடம் இத்தனை பேசியிருக்க மாட்டாள். செய்தி வாசிக்கிற தமிழை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்.

சின்ன வீடு. தரையில் மூடி போட்ட குண்டான். லோகு அதன் முன்னால் குந்தி, மூடியைத் தொட்டுக்கொண்டு, “கீதா” என்றான். யாரும் பேசவில்லை. மறுபடி, “கீதா.” படம் ஆடியது. பிடித்திருந்த செல்வி அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. முடியப் போகிற நேரத்தில் வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம், ஆம்பிளைக் குரல் ஒன்று, “கீதுடா நைனா, கீது.” அத்தோடு படம் முடிந்துவிட்டது.

தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். மற்றவர்கள் பேச்சைக் கேட்பார்கள், நாம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம். கடைசி நொடியில் லோகுவின் கை மூடியை விட்டது. முகம் வாசல் பக்கம் திரும்பியது.

“செல்வி, இதை மறுபடி போடு. இங்க பாரு, திரும்பறான்.”

“அவங்கப்பா வந்தாரு மேடம்.”

“அவர் தினமும்தான் வர்றார். நீதானே சொன்னே, கூப்பிட்டாக்கூடத் திரும்பறதில்லேன்னு? இதுல மட்டும் ஏன் திரும்பறான்? அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல, கீதுன்னாரு...”

செல்வி அப்படியே நின்றுவிட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“யம்மா! சோறு கீதான்னு கேக்கறான் மேடம்!”

ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்ததும் செய்கிற முதல் காரியம் குண்டானின் மூடியைத் தூக்குவதாம். “இன்னாமே, கீதா?” என்பாராம். “கீது கீது, குந்துய்யா” என்பாளாம் இவள். மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, கல்யாணமான நாளிலிருந்து. அதை ஒரு மூலையில் உட்கார்ந்து லோகு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எங்கே மூடியைப் பார்த்தாலும் அப்பா மாதிரியே கேட்கிறான், இருக்கிறதா என்று. ஆனால் கேள்வியின் ராகம் இல்லாமல் ஒரே சுருதியில் சொல்கிறான். அதனால் எனக்கு அது என் பெயராகக் கேட்டது. நான் குதித்த குதியில் பெற்றவளுக்கும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டது. காதில் ஒன்று இப்படி என்று விழுந்துவிட்டால், பிறகு அப்படித்தான் விழும். ஜமுக்காளத்தில் அவள் ஒருநாளாவது ‘கீது’ என்று வாயைத் திறந்திருந்தால் எனக்கும் உறைத்திருக்கும். அவள்தான் அங்கே ‘இருக்கிறது’ என்றே பேசினாளே!

“உங்க பேரே இல்ல மேடம் அது!” செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க மேடம்” என்றாள்.

எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் மனசுக்குள் சுருக்கென்றது, அதை மறைக்க மாட்டேன். கட்டியிருந்த நல்ல புடவைகூட அந்த நிமிஷம் பிடிக்கவில்லை. சுருக்கென்றதைத் தாண்டி ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பெயரை யார் வேண்டுமானாலும் சுவரைப் பார்த்துக்கூடச் சொல்லலாம். கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும். இந்தப் பையன் இத்தனை நாளாக ஆளைத் தேடியிருக்கிறான். அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வரவேண்டியவர்கள் வந்துவிட்டார்கள்.

“செல்வி, இன்னிக்கு நீ உட்காரு. அவன் கேட்டா, வீட்ல சொல்ற மாதிரியே பதில் சொல்லு.”

“ஐயோ, இன்னா மேடம், அவங்க முன்னாடி கீது கோதுன்னு பேசச் சொல்றீங்களா? மானம் பூடும். நீங்களே குந்துங்க, அவன் உங்க பேர சொல்வான், அவங்களும் சந்தோசமா போவாங்க.”

அதுவும் சரிதானே என்று ஒரு கணம் தோன்றியது. நான் டப்பாவோடு உட்கார்ந்தால் காரியம் நிச்சயம். வந்தவர்கள் கை தட்டுவார்கள், பெரிய மேடம் மகிழ்ந்துபோவார். அவள் உட்கார்ந்து, அவன் ஜன்னலுக்குப் போய்விட்டால்? அத்தனை பேர் பார்க்க அவளை அவமானப்படுத்தினதாக ஆகும். இனிமேல் வரவில்லை என்று சொன்னவள், பிறகு இந்தத் தெருப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். பெரிய மேடத்திடம் கேட்கலாம் என்றால் அவர் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒன்றுதான் தெரியும். பிள்ளை யாரைப் பார்த்துத் திரும்பினானோ, அந்தப் பக்கம் போக வேண்டும். அவன் அந்தப் படத்தில் திரும்பியது வீட்டுப் பேச்சுக்கு. டப்பாவைச் செல்வியின் கையில் கொடுத்தேன். அவள் வாயில் ஒரு கல்கண்டு போட்டேன், என் வாயில் ஒன்று போட்டுக்கொண்டு பின்னால் போய் ஓரமாக உட்கார்ந்தேன். பெரிய மேடம் புருவத்தைத் தூக்கினார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

செல்விக்குக் கல்கண்டு கரைந்தது. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“லோகேஷ், இதில் என்ன இருக்கிறது?”

போச்சு என்று நினைத்தேன். லோகு எழுந்து ஜன்னலுக்குப் போனான். அங்கிருந்து வந்து தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். கீழே யாரோ ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், நீளமாக ஓடியது மெஷின். வந்தவர்களில் ஒருவர் வாட்சைப் பார்த்தார். எட்டி அந்த டப்பாவைக் கொஞ்சம் ஆட்டினால் போதும், அவன் என்னிடம் ஓடி வருவான். என் கை தானாக எழுந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். செல்வியின் கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

மெஷின் நின்றது. லோகு எழுந்து வந்து அம்மாவின் எதிரில் குந்தினான். மூடிமேல் விரலை வைத்தான்.

“கீதா.”

வந்திருந்த அம்மாள் ஒருவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “மேடம், உங்களைத்தான் கூப்பிடறான்! உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறான்!”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. பெரிய மேடமும் திரும்பினார். செல்வியும் திரும்பினாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகளோடு காலம் தள்ளியவள் நான். அன்று நானே திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் கல்கண்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த அம்மாளுக்குக் காது கேட்கவில்லையோ என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

“கீதா” என்றான் லோகு மறுபடியும்.

நான் அசையவில்லை என்பதைச் செல்வி பார்த்தாள். அவனிடம் திரும்பினாள். காதில் விழுந்தும் விழாத குரலில் சொன்னாள்.

“கீது.”

அவன் விரல் மூடியிலேயே நின்றது.

“கீதுடா நைனா. உள்ள கீது. வோணுமா?”

லோகு தலையைத் தூக்கினான். அம்மாவின் வாயைப் பார்த்தான். அங்கிருந்து மெதுவாக மேலே ஏறி, அவள் கண்ணைப் பார்த்தான். அப்படி அவன் யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை. இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை கிடைக்குமா என்று சோதிக்கிற மாதிரி, “கீதா” என்றான். “கீது” என்றாள் அவள், இப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “கீதா.” “கீது, கீது, இருடா, தொறக்கறேன்.” இருவரும் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனக்குக் கண் மறைத்துவிட்டது, குமிழி எப்போது ஊதினாள் என்று தெரியாது.

“கீதுன்னா?” என்று அந்த அம்மாள் குழப்பமாகக் கேட்டது காதில் விழுந்தது.

பெரிய மேடத்துக்கு எங்கள் அடுப்பங்கரைக் கதை எதுவும் தெரியாது. ஆனால் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இருக்குன்னு அர்த்தம்மா. அவன் கீதா மேடத்தைக் கூப்பிடல. அவன் அம்மாகிட்ட பேசிண்டிருக்கான்” என்றார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

“கல்கண்டைக் கடிச்சியா?”

“இல்லை மேடம்.”

“சரி” என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டுகளில் பெரியது அந்த ‘சரி’தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனையோ விஷயம் மறந்துபோச்சு, அது மறக்கவில்லை.

மறுவாரத்திலிருந்து ஜமுக்காளத்துக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. வீட்டில் எப்படித் திட்டுவீர்களோ அந்தத் தமிழில்தான் இங்கே கொஞ்ச வேண்டும். நீங்கள் முதல் நாளே பெற்றவர்களிடம் அதைச் சொல்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். மயிலாப்பூர் மாமி “ஜலம்” என்றாள், திருவல்லிக்கேணி பாய் வீட்டு அம்மா பிள்ளையை உருதுவில் கொஞ்சினார், மாடியில் ஒரே கலகலப்பு. அந்த நாளெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது!

ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடக்கப் போகிறேன். மீன் விற்கிற பெண்களிடம் யாராவது, “வஞ்சிரம் கீதா?” என்று கேட்பார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன். மீன் வாங்காத மாமி ஏன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறாள் என்று அவர்களுக்குப் பெரிய சந்தேகம்.

செல்வி நிற்கவில்லை, தொடர்ந்து வந்தாள். மழைக்காலத்தில் ஒருநாள், மூடிய அறைக்குள் அவளும் பெரிய மேடமும் உட்கார்ந்து வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே லோகுவோடு இருந்தேன். அவன் ஜமுக்காளத்தைச் சுற்றினான், ஜன்னலுக்குப் போனான், அப்புறம் மூடியிருந்த கதவுக்கு முன்னால் போய் நின்றான். கதவின்மேல் விரலை வைத்தான். என் பக்கம் திரும்பி, நேராக என்னைப் பார்த்து, அதே ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் கேட்டான்.

“அம்மா கீதா.”

நடையில் காத்திருந்த புது அம்மா ஒருத்தி, “ரெண்டு பேர் பேரையும் எவ்ளோ அழகா சொல்றான்!” என்றாள்.

இந்த முறை அவன் என்னைத்தான் கேட்டான். அவன் தமிழிலேயே பதில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எங்காத்து நாக்கு, புரளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அதற்குள் உள்ளேயிருந்து, படத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, செல்வி கத்தினாள்.

“கீறேன்டா நைனா! அம்மா இங்கதான் கீறேன்!”

எனக்கு மிச்சமிருந்த வேலை கதவைத் திறந்துவிடுவதுதான். திறந்துவிட்டேன்.